சிப்பிமேட்டில் எதுவும் உடையாத காலம்

சித்திரை மாதம் பதினோராம் தேதி, வியாழக்கிழமை, மத்தியானச் சோற்றுக்குக் கொஞ்சம் முன்னால், காத்தாயி நாற்பத்து மூன்றாவது துண்டை அதன் இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். அன்றிலிருந்து ஐப்பசி கடைசிவரை சிப்பிமேட்டில் எதுவும் உடையவில்லை.

சிப்பிமேடு, ஆறு கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிற ஊர். தென்னந்தோப்பில் கிணறு வெட்டப் போனவர்களுக்குத் தண்ணீருக்கு முன்னால் பழங்காலத்துப் பானை ஓடுகளும் பாசிமணியும் வந்ததால், அரசாங்கம் கோபாலரத்தினம் என்ற அதிகாரியை அனுப்பியது. அவர் தோப்பில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, ஆண்களைக் குழி தோண்டவும் பெண்களை ஓடு கழுவவும் அமர்த்தினார். ஓடு கழுவியவர்களில் காத்தாயியின் கை மட்டும் தனியாகத் தெரிந்தது. மற்றவர்கள் கழுவிக் காய வைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் எந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேரும் என்று பொருத்திப் பார்த்து வைத்துவிடுவாள். எப்படித் தெரிகிறது என்று அதிகாரி கேட்டதற்கு அவள் சிரித்துவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள். ஊருக்குத் தெரியும். அவள் புருஷன் தணிகாசலம் படகுத் தச்சன், கைவேலையில் குறை சொல்ல முடியாதவன், குடித்தால் பானை உடைப்பவன். அவளை அடித்ததில்லை, அவளுக்குப் பக்கத்தில் என்ன பானை இருக்கிறதோ அதை எடுத்து உடைப்பான். பதினெட்டு வருஷம் உடைந்ததைப் பொறுக்கிப் பொறுக்கி அவள் விரலுக்கு அந்த அறிவு வந்திருந்தது.

அதற்கு முந்தின மாதம், பங்குனியில், ஆறடி ஆழத்தில், கறுப்புக் களிமண்ணுக்குள் நீலமும் பச்சையும் கலந்த கண்ணாடித் துண்டுகள் கிடைத்தன. வெங்காயச் சருகு கனம்தான் இருக்கும். வெயிலில் காட்டினால் மத்தி மீனின் வயிறு மாதிரி ஏழெட்டு நிறம் மின்னியது. கோபாலரத்தினம் அவற்றைப் பஞ்சில் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"ரோமாபுரிச் சாமான், காத்தாயி. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்தது. அச்சுல ஊத்தினது இல்ல. இரும்புக் குழல் முனையில காய்ச்சின கண்ணாடியைச் சுருட்டிக்கிட்டு, இந்தப் பக்கம் வாயை வச்சு ஊதுவான். ஊத ஊத உப்பி வரும்."

காத்தாயி ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதற்குள் கடுகளவு காற்றுக் குமிழ் ஒன்று இருந்தது.

"அப்போ இது ஓர் ஆளு வுட்ட மூச்சுங்களா, ஐயா?"

"அப்படியும் சொல்லலாம்."

அவள் அதைக் கீழே வைத்துவிட்டு வேறொரு துண்டை எடுத்தாள். "இது கழுத்து. இதுக்குக் கீழ அது வரும்" என்றாள். பதினோரு நாளில், மணல் நிரப்பிய தட்டில் நிறுத்தி நிறுத்தி, அதிகாரி கொடுத்த பசையைத் தீக்குச்சி முனையால் தடவித் தடவி, ஒற்றைக் கைப்பிடி வைத்த ஒரு கூஜாவை அவள் எழுப்பினாள். அடிப்பாகத்துக் கடைசித் துண்டை அவள் அழுத்தியதும், ஒட்டிய கோடுகள் எல்லாம் தண்ணீரில் போட்ட கோடுபோல மறைந்தன. கோபாலரத்தினம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பசை எங்கேம்மா?"

"தெரியலங்க. உள்ள போயிருக்கும்."

அப்படித்தான் இருக்கும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். பிறகு இருவரும் அவரவர் சோற்றைச் சாப்பிடப் போனார்கள்.

அன்று சாயங்காலம் தணிகாசலம் குடித்துவிட்டு வந்து, குழம்பில் உப்பில்லை என்று தண்ணீர்ப் பானையைத் தூக்கிச் சுவரில் எறிந்தான். பானை சுவரில் மோதி, தரையில் விழுந்து, உருண்டு வந்து அவன் கால்மாட்டில் நின்றது. மறுபடி எறிந்தான். மறுபடியும் உருண்டு வந்து நின்றது. மூன்றாவது தடவை எறிந்தபோது அது நாய்க்குட்டி மாதிரி வருவதைப் பார்த்து அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. காத்தாயியும் சிரித்தாள். பதினெட்டு வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. உடைக்க ஒன்றும் இல்லாத வீட்டில் குடித்துவிட்டு வந்து என்ன செய்வது என்று தெரியாமல், பத்துப் பதினைந்து நாளில் அவன் குடிப்பதையே குறைத்துக்கொண்டான். மாலையில் வாசலில் உட்கார்ந்து அவள் கழுவிய ஓடுகளைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தான்.

ஊர் இதைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது, பழகிக்கொள்ள இன்னொரு வாரம். பனையேறி உச்சியிலிருந்து விழுந்து நுங்கு மாதிரி உருண்டு எழுந்து போனார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிலேட்டைத் தட்டாக எறிந்து விளையாடினார்கள். கடல் அலை கரைக்கு வந்து உடையாமல் மடித்த துணிபோலப் படுத்துக்கொண்டதால், படகுகள் கவலையில்லாமல் போய் வந்தன. திரௌபதி அம்மன் கோயிலில் தேங்காய் உடையாமல் போனதும் பூசாரி தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு ரம்பம் வாங்கி வந்து தேங்காயை அறுத்து அம்மனுக்குப் படைத்தார். அறுப்பது வேறு, உடைப்பது வேறு என்பதை ஊர் அதிலிருந்துதான் கற்றுக்கொண்டது. பாகம் பிரிக்க நாள் குறித்திருந்த அண்ணன் தம்பிகள் எத்தனை சண்டை போட்டும் குடும்பம் உடையாமல், ஒரே அடுப்புச் சோற்றை முகத்தைத் திருப்பிக்கொண்டு தின்றார்கள். மனசில் இருப்பதைப் போட்டு உடைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தவர்கள் மீன்விலையைப் பேசிவிட்டுத் திரும்பி வந்தார்கள். குயவர் சன்னாசி மட்டும் ஆரம்பத்திலிருந்தே முணுமுணுத்தார். "பழைய பானை போனாத்தானே புதுப்பானை? சூளையைப் பத்தவச்சு மூணு மாசம் ஆவுது" என்றார். அவருக்காக ஊர் பரிதாபப்பட்டது, ஆனால் பானை வாங்கவில்லை.

யாரும் காரணத்தைத் தேடி அலையவில்லை. கூஜா முழுசானது, அதனால் எல்லாம் முழுசாக இருக்கிறது, அவ்வளவுதான். வெளியூருக்குப் போன சிப்பிமேட்டுக்காரர் தேநீர்க்கடையில் தவறவிட்ட கண்ணாடிக் குவளையும் உடையவில்லை என்று கேள்விப்பட்டபோது, நம்மோடுதான் வருகிறது என்று அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

கோழி முட்டைகள்தான் முதலில் மனசைச் சங்கடப்படுத்தின. இருபத்தோரு நாள் போய் நாற்பது நாள் ஆகியும் கோழிகள் அடையிலிருந்து எழவில்லை. முட்டைக்குள் குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன. ரம்பத்தை வைத்து அறுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை, குஞ்சும் சேர்ந்து அறுபட்டால் என்ன செய்வது? கூடைக்குள்ளிருந்து வரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பெண்கள் பாத்திரம் தேய்த்தார்கள்.

ஆடி மாதக் கடைசியில் தணிகாசலம் மூன்று நாள் காய்ச்சலில் இறந்துபோனான். சுடுகாட்டில் கொள்ளிக்குடம் உடையவில்லை. மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு, அதை ஆற்றில் விட்டார்கள். அது நிமிர்ந்தபடியே மிதந்து கடலுக்குப் போனது. பதினாறாம் நாள் அஞ்சலாட்சி வந்தாள். ஊரில் பிரசவம் பார்ப்பவளும் அவள்தான், கைம்பெண்ணின் வளையல் உடைப்பவளும் அவள்தான். வாசலில் அவள் தலை தெரிந்தால், கையில் என்ன வைத்திருக்கிறாள் என்று பார்த்துத்தான் ஜனங்கள் முகத்தை வைத்துக்கொள்வார்கள். அன்று அவள் கையில் கல் இருந்தது. தாலிக் கயிற்றை அறுத்தாள், அது அறுந்தது. காத்தாயியின் இரண்டு கையிலும் இருந்த பச்சைக் கண்ணாடி வளையல்களைக் கல்லால் தட்டினாள். மரத்தில் தட்டிய மாதிரி சத்தம் வந்தது. இன்னும் ஓங்கித் தட்டினாள். கல்லில் விரிசல் விழக்கூட வழியில்லாத காலம் அது.

"கழட்டி எடுத்துட்டா ஆவாதா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கழட்டுறது குளிக்கப் போவும்போது" என்றாள் அஞ்சலாட்சி. "இது உடைக்கணும். உடையலன்னா முடியல. முடியற அன்னிக்கு வரேன்."

கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதனால் காத்தாயி யார் என்று ஊருக்குச் சொல்லத் தெரியாமல் போனது. தாலி இல்லை, வளையல் இருக்கிறது. பொட்டு வைக்காதே என்று யாராலும் சொல்ல முடியவில்லை, அவள் வைத்துக்கொண்டாள். எதிரே வந்தால் யாரும் திரும்பிப் போகவில்லை. கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டை அவளிடம் நீட்டலாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினார்கள், பிறகு நீட்டினார்கள். தணிகாசலத்தை நினைத்து அவள் அழுதாள். அந்தப் பதினெட்டு வருஷத்துக்காக அல்ல, சிரித்த நாலு மாதத்துக்காக. அழுதுவிட்டு எழுந்து முகம் கழுவிக் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். ஆவணியில் அவள் தம்பி கலியனின் மனைவி பூங்காவனத்துக்கு வளைகாப்பு நடந்தது. புருஷனின் அக்கா என்ற முறையில் முதல் வளையலை அவள்தான் போட வேண்டும். போட்டாள். பூங்காவனம் குனிந்து அவள் காலைத் தொட்டாள். அன்று காத்தாயி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதற்கு ஐந்தாறு நாள் கழித்து, கொட்டகையில் தனியாகக் கூஜாவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அடியில் அவள் கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. கண்ணுக்குக் கோடு இல்லை. விரலுக்குத் தெரிந்தது. லேசாகத் தள்ளினாள். நாற்பத்து மூன்றாவது துண்டு அரிசிமுனை அளவு நகர்ந்தது. அதே சமயம் கொட்டகைக்குப் பின்னால் காவல்காரரின் கோழிக் கூடையில் டக்கென்று ஒரு முட்டை கீறிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

காத்தாயி துண்டைப் பழையபடி உள்ளே தள்ளினாள். வெளியே சத்தம் நின்றது. அவள் தன் வளையல்களைப் பார்த்தாள். கூஜாவைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்து மூடினாள். யாரிடமும் சொல்லவில்லை.

புரட்டாசியில் பூங்காவனத்துக்கு மாதம் நிறைந்தது. வலி வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது. பனிக்குடம் உடையவில்லை. அஞ்சலாட்சி வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். "உள்ளே நல்லாத்தான் இருக்குது. வழிதான் திறக்க மாட்டேங்குது" என்றாள். கலியன் வண்டி கட்டிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். அங்கே அவர்கள் கணக்குக் கேட்டு, விரலை மடக்கிப் பார்த்து, தேதி தப்பாகச் சொல்கிறீர்கள், இன்னும் நாள் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்து மாதம் முடிந்து பதினொன்று நடந்தது. ஐப்பசி பாதியில் பூங்காவனத்தின் கால் இரண்டும் பூசணி மாதிரி வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போனது, மறுபடி வண்டியில் ஏற்றிப் பட்டணம் போகவும் வழியில்லை. அவள் கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஏறியிருந்ததைப் பார்த்து அஞ்சலாட்சி வெளியே வந்து, முதல் தடவையாக, "எனக்குப் பயமா இருக்குது" என்றாள்.

ஊர் கோயில் முன்னால் கூடியது. கூஜாவை உடைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கடலில் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னதற்குச் சன்னாசி, "எங்க கிடந்தாலும் முழுசாத்தானே கிடக்கும்? உடையணும்" என்றார். கோபாலரத்தினத்திடம் போனார்கள். அவர் முதலில் சட்டம் பேசினார். அந்தக் கூஜாவின் படத்தை அவர் மேலிடத்துக்கு அனுப்பி, இவ்வளவு முழுசாக ஒன்று கிடைக்க வழியே இல்லை, இது கடையில் வாங்கிய புதுச் சாமான் என்று பதில் வந்து, அந்த அவமானத்தோடு அதைப் பிள்ளையைப் போலக் காத்துக்கொண்டிருந்தார். கலியன், "ஒரு தடவை வந்து பாருங்க ஐயா" என்று மட்டும் சொல்லி அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனான். பூங்காவனம் சுவரில் சாய்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கோபாலரத்தினம் அவள் கால்களைப் பார்த்தார். திரும்பி வந்து பெட்டிச் சாவியை எடுத்துச் சன்னாசி கையில் கொடுத்துவிட்டு, தோப்புக்குள் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சம்மட்டியால் அடித்தார்கள். சம்மட்டி எகிறியது. அம்மிக்கல்லைத் தூக்கிப் போட்டார்கள். தென்னை உச்சியிலிருந்து பாறையில் எறிந்தார்கள். பாரம் ஏற்றிய மாட்டுவண்டியை மேலே ஓட்டினார்கள். கூஜா ஒவ்வொரு தடவையும் வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. கடைசியில் ஆண்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

காத்தாயி இதையெல்லாம் தென்னை மரத்தடியில் நின்று பார்த்தாள். பிறகு போய்க் கூஜாவை எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டு, தம்பி வீட்டை நோக்கி நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. அவர்களால் ஆனதை அவர்கள் செய்து முடித்திருந்தார்கள்.

வீட்டில் அஞ்சலாட்சி வெந்நீர் போட வெளியே போயிருந்தாள். காத்தாயி பூங்காவனத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு இதைப் பிரிக்கத் தெரியும்" என்றாள் காத்தாயி. சொல்லி முடிக்கும்போதே நாக்கு பின்வாங்கியது. எதுவும் உடையாத அந்தக் காலத்தில், மனசைப் போட்டு உடைக்கிற பேச்சும் வாயை விட்டு வராது. அவள் கட்டைவிரலைக் கூஜாவின் அடியில் வைத்து அரிசிமுனை அளவு தள்ளினாள். பேச்சுக்கு வழி கிடைத்தது. "ரெண்டு மாசமாத் தெரியும். உனக்கு வளைகாப்பு ஆன அடுத்த வாரமே தெரியும்."

பூங்காவனம் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

"ஏன் அண்ணி சொல்லல?"

காத்தாயி கையை நீட்டிக் காட்டினாள். பச்சை வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்து, மணிக்கட்டுக்குத் திரும்பி வந்தன.

பூங்காவனம் அவற்றை வெகுநேரம் பார்த்தாள். "நான்னா சொல்லியிருப்பேனான்னு எனக்கும் தெரியல" என்றாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "சீக்கிரம் பிரி அண்ணி. என்னால உட்கார முடியல" என்றாள்.

காத்தாயி ஒரு முறத்தில் மணலைப் பரப்பி மடியில் வைத்துக்கொண்டு, வாசற்படியில் வெளிச்சத்துக்கு நேராக உட்கார்ந்தாள். அப்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சேர்த்த வரிசைக்குத் தலைகீழாகப் பிரிக்க வேண்டும், நாற்பத்து மூன்று முதலில், ஒன்று கடைசியில். கண்ணுக்குக் கோடு தெரியாததால் அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலைப் பேசவிட்டாள். அடித்துண்டு கழன்று மணலில் விழுந்ததும் கலியன் வீட்டுக் கூடையில் குஞ்சு ஒன்று ஓட்டை உடைத்துக்கொண்டு தலையை நீட்டியது. தோப்பிலிருந்து ஓடி வந்த கோபாலரத்தினம் அவளுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, பென்சிலை எடுத்து, ஒவ்வொரு துண்டாக வாங்கி நம்பர் எழுதிப் பஞ்சில் வைக்க ஆரம்பித்தார்.

நாற்பதாவது துண்டு வந்தபோது ஊரிலுள்ள முட்டைகள் எல்லாம் உடைந்து, ஆறு மாதக் குஞ்சுகள் இறக்கையும் கொண்டையுமாக வெளியே வந்து, வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டின. முப்பத்தாறாவது துண்டு வந்தபோது சன்னாசியின் வீட்டில் ஒரு பழைய பானை தானாக விரிந்து இரண்டானது. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு சூளைக்கு விறகு சொல்லி அனுப்பினார். முப்பதாவதுக்குக் கோயிலில் பூசாரி பழக்க தோஷத்தில் கீழே போட்ட தேங்காய் சரிபாதியாகப் பிளந்து, தண்ணீர் அவர் காலை நனைத்தது. இருபத்தாறாவதுக்குக் கடலில் முதல் அலை உடைந்தது. அந்தச் சத்தம் ஊருக்குள் வந்தபோது, இத்தனை நாளும் என்ன குறைந்தது என்று எல்லோருக்கும் அப்போதுதான் தெரிந்தது. பாகம் பிரியாத அண்ணன்காரர் எழுந்து தன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார், தம்பி அவருக்குக் கதவைப் பிடித்தார். பதினெட்டாவதுக்குக் கோபாலரத்தினத்தின் மூக்குக் கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல் விழுந்தது. அவர் அதைக் கழற்றாமலே எழுதிக்கொண்டு போனார். ஊர் முழுக்க மனசைப் போட்டு உடைக்கிறவர்களின் பேச்சுச் சத்தம்; திட்டுகிறவர்கள், அழுகிறவர்கள், மன்னிப்புக் கேட்கிறவர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளேயிருந்து பூங்காவனத்தின் முனகல் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது.

கடைசியில் இரண்டு துண்டு மிஞ்சியது, கழுத்தும் அதைப் பிடித்திருந்த கைப்பிடியும். காத்தாயி கண்ணைத் திறந்தாள். வளையல்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

"ஏம்மா, நான் பிடிச்சுக்கட்டுமா?" என்றார் கோபாலரத்தினம் மெதுவாக.

"வேணாங்க" என்றாள் அவள். இரண்டையும் பிரித்து மணலில் வைத்தாள்.

உள்ளே பாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"உடைஞ்சுது" என்று அஞ்சலாட்சி கத்தினாள். "காத்தாயி, உள்ள வா. முதுகைத் தாங்கிப் பிடி."

காத்தாயி முறத்தை அப்படியே அதிகாரியின் மடிக்கு மாற்றிவிட்டு உள்ளே ஓடினாள். பூங்காவனத்தின் பின்னால் உட்கார்ந்து, அவளைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று துழாவிய பூங்காவனத்தின் கை, காத்தாயியின் இரண்டு மணிக்கட்டையும் பற்றியது. புரட்டாசியிலிருந்து அடைபட்டிருந்த வலி எல்லாம் ஒரே தடவையில் வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். காத்தாயியின் பச்சை வளையல்கள் அந்தப் பிடிக்குள் நொறுங்கின. ஒவ்வொன்றாக இல்லை, எல்லாம் சேர்ந்து ஒரே பிடியில் நொறுங்கி, பாயிலும் பூங்காவனத்தின் மடியிலும் உதிர்ந்தன. காத்தாயியின் கையில் ரத்தம் கோடு கோடாக இறங்கியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இன்னும் இறுக்கிப் பிடி" என்றாள். "அழுத்து."

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிள்ளை வந்தது. பெண். தலைமுடி காதை மூடியிருந்தது, நகங்கள் வெட்ட வேண்டிய அளவுக்கு வளர்ந்திருந்தன. வந்தவுடன் அழவில்லை. இவ்வளவு நாள் கேட்டுக்கொண்டிருந்த குரல்களுக்கு முகம் எது எது என்று பார்ப்பதுபோல, அஞ்சலாட்சியை ஒரு தடவை, காத்தாயியை ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்புறம் வாயைத் திறந்து ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதது. கலியன் வாசலில் விளக்கை ஏற்றினான். தெருவில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். கோபாலரத்தினம் மடியிலிருந்த முறத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், அந்தக் காற்றில் துண்டுகள் பறந்துவிடுமோ என்று.

அஞ்சலாட்சி தொப்புள்கொடியை அறுத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, தாயின் பக்கத்தில் விட்டாள். பூங்காவனத்தின் மூச்சு சீராகி, முகத்துக்குப் பழைய களை கொஞ்சம் திரும்பியிருந்தது. அதற்குப் பிறகுதான் அஞ்சலாட்சி பாயில் கிடந்த பச்சைத் துண்டுகளைப் பார்த்தாள். காத்தாயியின் வெறும் கைகளையும் பார்த்தாள். வாசலில் பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடியற அன்னிக்கு வரேன் என்று அவள் சொன்னது எல்லோருக்கும் நினைவிருந்தது.

காத்தாயி எழுந்து நின்றாள். "முடிஞ்சுதுன்னு சொல்லிடு அக்கா" என்றாள். "நீ தட்ட வேண்டிய வேலை இல்ல இப்போ."

அஞ்சலாட்சி ஒரு துணியை நனைத்து அவள் மணிக்கட்டு ரத்தத்தைத் துடைத்தாள். தோலில் குத்தியிருந்த சில்லுகளை நகத்தால் எடுத்தாள். அவசரப்படவில்லை. முப்பது வருஷமாக அந்த ஊரின் எல்லாச் சடங்குகளுக்கும் அவள் சொன்னதுதான் முறை. அவள் என்ன சொல்வாள் என்று அவளுக்கே அந்த நிமிஷம்வரை தெரியாது என்று பிற்பாடு ஒரு தடவை சொன்னாள்.

"சாவுக்கு உடைஞ்சாத்தான் அது சாவுக்கு உடைஞ்ச வளையல்" என்றாள் வாசலில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி. "இது பிள்ளைப்பேறுல உடைஞ்சது. பிள்ளைப்பேறுல உடைஞ்சா, பிள்ளையைப் பெத்தவ வீட்டுல புது வளையல் போட்டுவிடணும். அதான் முறை."

அப்படி ஒரு முறை இருந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்த ஆறு மாதத்தில் சிப்பிமேடு எத்தனையோ புது முறைகளைப் பழகியிருந்தது. தேங்காயை அறுக்கப் பழகியிருந்தது, குடத்தை ஆற்றில் விடப் பழகியிருந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆமாமா, போட்டுவிடணும்" என்றாள் ஒருத்தி. மற்றவர்களும் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாருக்கு எப்போது புருஷன் செத்தாலும் அஞ்சலாட்சிக்குக் கல் கிடைக்காமல் போனது. தேடினேன், அகப்படவில்லை என்பாள். கடற்கரை ஊரில் கல்லுக்கா பஞ்சம் என்று யாரும் கேட்கவில்லை.

கோபாலரத்தினம் நாற்பத்து மூன்று துண்டுகளையும் பஞ்சில் வைத்துப் படம் எடுத்து மறுபடி மேலிடத்துக்கு அனுப்பினார். உடனே நம்பினார்கள். பாராட்டுக் கடிதம் வந்தது. கீறல் விழுந்த மூக்குக் கண்ணாடி வழியாக அதை வாசித்துக் காட்டிவிட்டு அவர் நெடுநேரம் சிரித்தார். இனி ஒட்ட வேண்டாம், துண்டாகவே இருக்கட்டும் என்று காத்தாயி சொன்னதை அறிக்கையின் கடைசி வரியாக எழுதிக்கொண்டார்.

கார்த்திகை பிறந்து பத்து நாளில், வளையல்காரர் ரங்கையா நாயுடு வளையல்களைச் சரம் சரமாகக் கோத்த மலாரத்தைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு ஊருக்குள் வந்தார். கலியன் வீட்டு வாசலில் துணியை விரித்தார். தெருப் பெண்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். பூங்காவனம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "முதல்ல எங்க அண்ணிக்கு" என்றாள்.

காத்தாயி கையை நீட்டினாள். மணிக்கட்டைச் சுற்றி ஆறிய தழும்புகள் மெல்லிய கோடுகளாக இருந்தன. ரங்கையா நாயுடு அவற்றைப் பார்த்தார். அவள் கழுத்தைப் பார்த்தார், சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தைப் பார்த்தார். விரல்களைச் சேர்த்துப் பிடித்து, புறங்கையை அமுக்கி அளவு பார்த்தார்.

"ரெண்டே கால்" என்றார். "என்ன கலர் போடட்டும்?"

"சிவப்பு" என்றாள் காத்தாயி.

அவர் ஒரு டஜனைப் பிரித்து, முதல் வளையலை விரல் நுனியில் நுழைத்தார். அது எலும்பு முட்டில் வந்து நின்றது.

"கையைத் தளர்த்தியா வையும்மா" என்றார். "இறுக்கினா ஏறாது."

அவள் கையைத் தளர்த்தினாள். வளையல் ஏறியது.